பெட்டியின் விளிம்பில் ஒரு கை

1

அப்பா இறந்த நாள் வந்தால் காலையில் முதல் வேலையாக அந்தப் படம் என் கைபேசிக்கு வந்துவிடும். அனுப்புகிறவர் அண்ணன். கீழே ஒரு வரி எழுதியிருப்பார். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். கேரள எல்லைக்குள் பாறசாலையில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதருக்கு அப்படித்தான் எழுத வரும். என்னை அப்பா எல்லைக்கு அப்புறம் தமிழ்நாட்டில் களியக்காவிளையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இரண்டு அரசாங்கத்திலும் நமக்கு ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசியில் அண்ணன் டயர்க்கடை வைத்தார், நான் அமெரிக்காவில் ஹூஸ்டனுக்கு வந்துவிட்டேன். இரண்டு அரசாங்கமும் தப்பித்தது.

இந்த வருடம் அண்ணன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பதினோரு வருஷம் ஆச்சு மக்கா. ஜெபத்தில நினச்சுக்கோ."

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தார் எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். கல்யாணத்துக்கு எடுக்கும் அதே போட்டோக்காரர்தான் வருவார். நெருங்கி நிற்கச் சொல்வார், உயரமானவர்களைப் பின்னால் அனுப்புவார். சிரிக்கச் சொல்ல மாட்டார், அது ஒன்றுதான் வித்தியாசம். இந்தப் படத்தில் சபை முற்றத்தில் பெட்டி திறந்திருக்கிறது. அப்பா வெள்ளைச் சட்டையில் கிடக்கிறார். தலைமாட்டில் அண்ணனும் அண்ணியும். வலது தோளுக்குப் பக்கத்தில் நான், சாம்பல் நிறச் சேலையில். என் கண் அப்பாவையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டில் முடி கட்டும் கறுப்பு ரப்பர் பேண்ட்.

நான் அப்பாவின் அடக்கத்துக்குப் போகவே இல்லை.

2

நாங்கள் இங்கே வந்தது என் கணவர் சாமின் வேலை விசாவில். நான் அவருடைய வால். வால் வேலை செய்யக்கூடாது, சம்பளம் வாங்கக்கூடாது, காத்திருக்கலாம். நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த மனு முடிவாகும் முன் நாட்டைவிட்டு வெளியே போனால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். போய்வர முன்கூட்டியே ஓர் அனுமதித் தாள் வாங்கி வைத்திருக்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. தாளுக்குத் தாள் வாங்க வேண்டிய ஊர் இது.

அம்மா முன்பே இறந்துவிட்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் அண்ணன் ஒரு ஹோம் நர்ஸை வைத்தார். ஆரியங்கோட்டுக்காரி, வசந்தா என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. இரண்டு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, புண் வராமல் திருப்பிப் போட்டது எல்லாம் அவள்தான். நான் கூப்பிடும்போது கைபேசியை அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பாள். அதனால் அவள் குரல் எனக்குப் பழக்கம், முகம் அவ்வளவு பழக்கமில்லை.

அப்பா இறந்ததும் உடலைக் காரக்கோணத்து ஆஸ்பத்திரியின் சவக்கிடங்கில் வைத்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அதுதான் முறை. மூன்று நாள் வைத்தார்கள். முதல் நாள் அண்ணன் எப்போது வருகிறாய் என்று கேட்டார். இரண்டாம் நாள் வருகிறாயா என்று கேட்டார். மூன்றாம் நாள் நானே கூப்பிட்டு, "பேப்பர் கிட்டல்ல அண்ணா" என்றேன்.

ஒரு மாதம் கழித்து இந்தப் படம் வந்தது. யாரோ முகத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன்.

"ஸ்டுடியோக்காரன்கிட்ட சொல்லிச் சேத்ததாக்கும்," என்றார். "சித்தப்பா மவளுக்க கல்யாணப் போட்டோவில நீ நிக்கது உண்டுல்லா, அதில இருந்து எடுத்தது. பெத்த பிள்ளை இல்லாம படம் கண்டா ஆளுக என்னெல்லாம் பறயும்? இப்பம் எல்லா வீட்டிலயும் செய்யுதாங்க மக்கா."

உண்மைதான், செய்கிறார்கள். துபாயில் இருக்கும் மருமகனும் அயர்லாந்தில் இருக்கும் பேத்தியும் எங்கள் ஊர்ப் பெட்டிகளைச் சுற்றி ஒழுங்காக நின்றுகொண்டிருக்கிறார்கள். எங்கள் ஸ்டுடியோக்காரர் பூவாரில் கல்யாண ஜோடிகளைப் படகில் ஏற்றிப் படம் எடுப்பவர். வானத்தையே மாற்றித் தருவார். என்னைச் சேர்ப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. விளிம்பைப் பிடிக்க ஒரு கைகூடக் கொடுத்திருந்தார். கை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

முதல் வருடம் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நாலைந்து வருடத்தில் அதில் நிற்பது வசதியாகவே ஆகிவிட்டது என்றும் ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் அடக்கம் பற்றி இங்கே யாராவது கேட்டால் அந்தப் படத்தைக் காட்டுவேன். வாய் திறந்து பொய் சொல்லத் தேவையில்லை.

3

இப்போது நானும் ஹோம் நர்ஸ்தான். காரக்கோணத்தில் நர்சிங் படித்தவள், இங்கே எழுத வேண்டிய பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைக்குத் துணிவில்லாமல் விட்டவள். வேலை செய்ய அனுமதி வந்ததும் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். ஊரில் அண்ணன், தங்கச்சி அங்கே நர்ஸ் என்று சொல்லிவைத்திருக்கிறார். அது முழுப் பொய்யும் இல்லை.

ஐந்து வருடமாக நான் போகிற வீடு லிம் என்ற பெரியவருடையது. வயது எண்பத்தேழு. மனைவி இறந்துவிட்டார். அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது என் பெயரின் புண்ணியம். லலிதா பாய். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பெயரோடு பாய் சேர்ப்பது சாதாரணம். இங்கே அதைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். சீனர்களுக்கும் அப்படி ஒரு குடும்பப் பெயர் உண்டாம். ஆள் அனுப்பும் ஏஜென்சிப் பெண் அதைப் பட்டியலில் பார்த்துவிட்டு, சீனப் பெண் ஒருத்தி கிடைத்தாள் என்று என்னை அனுப்பிவைத்தாள். கதவைத் திறந்த லிம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபது வருடமாக என்னைச் சீனன் என்று எழுதுகிறார்கள். இன்றைக்கு உன்னையும் எழுதிவிட்டார்கள். உள்ளே வா," என்றார்.

அவர் தைவான்காரர். படிவங்களில் அவருக்கென்று கட்டம் இருக்காது. சீனர் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் தைவான் என்று பேனாவை அழுத்தி எழுதுவார். அதைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி எழுதுவார். எனக்கு அந்தக் கோபம் புரியும். கேரளா என்று பிறந்த இடத்தையும் தமிழ் என்று தாய்மொழியையும் எழுதிவிட்டு, தவறாக எழுதிவிட்டீர்களா என்று கேட்கிற குமாஸ்தாக்களிடம் நின்றவள் நான். ஊருக்குப் போனாலும் அதே கதைதான். திருவனந்தபுரத்தில் எங்களைப் பாண்டி என்பார்கள், மதுரைப் பக்கம் போனால் மலையாளத்தாள் என்பார்கள்.

அவரும் எங்களைப் போல மிஷன் சபைக் குடும்பம். அவர் பாட்டுப்புத்தகம் ஆங்கில எழுத்தில் இருக்கும், எடுத்துப் படித்தால் ஒரு வார்த்தை புரியாது. தைவான் பேச்சை மிஷனரிகள் அந்த எழுத்தில் எழுதிவைத்தார்களாம். அண்ணனின் செய்திகளைக் காட்டினேன், மலையாள எழுத்தில் தமிழ். புத்தகத்தையும் கைபேசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனிதருக்கு ஒரே சந்தோஷம். அவர் பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சைப் பேசினால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டுவார்களாம். அடுத்தவன் பேசிச் சிக்கும்வரை அதைச் சுமக்க வேண்டும். எங்களுக்கு அட்டை இல்லை, மலையாளப் பிள்ளைகளின் சிரிப்பு போதுமாக இருந்தது.

குளிப்பாட்டும்போதும் நகம் வெட்டும்போதும் அவர்கள் வந்து குடியேறிய கதையைச் சொல்வார். முதலில் வந்தவர்கள் அவரைப் போன்ற மாணவர்கள். ஊரில் ராணுவச் சட்டம். வாயைத் திறக்க முடியாது. படிக்கப் போகிறேன் என்றால் விடுவார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர் கெமிக்கல் படித்து இங்கே எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் தைவானின் இடம் போனது, அமெரிக்காவும் கைகழுவிவிட்டுச் சீனாவோடு உறவு வைத்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று வசதிப்பட்டவர்கள் மூட்டை கட்டினார்கள். "நாங்கள் பாடப்புத்தகத்தோடு வந்தோம். அவர்கள் வீட்டு விலை விசாரித்துக்கொண்டே வந்தார்கள்," என்பார். முன்னால் வந்தவனுக்குப் பின்னால் வந்தவனைப் பிடிக்காது. இது எங்கள் மலையாளி சபையிலும் உண்டு, ஆஸ்பத்திரி நர்ஸாக வந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர்க்காரர்களைக் கண்டால் ஆகாது.

அந்த இரண்டாம் கூட்டத்தில் நிறைய அப்பாக்கள் குடும்பத்தை இங்கே இறக்கிவிட்டு, தொழிலைப் பார்க்கத் திரும்பிப் போய்விடுவார்களாம். வருடத்துக்கு இரண்டு முறை விமானத்தில் வந்து அப்பாவாக இருந்துவிட்டுப் போவார்கள். சில வீடுகளில் அம்மாவும் போய்விடுவாள். பெரிய வீட்டில் பிள்ளைகள் மட்டும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். வந்தவர்களில் பலர் மோட்டல் வாங்கி, முன்பக்கம் விருந்தாளிக்கும் பின்பக்கம் குடும்பத்துக்குமாக வாழ்ந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் வேலைக்குத் தைவான் தலைநகர் தைப்பேக்கே போய்விட்டார்கள். பெற்றவர்கள் யாருக்காக வந்தார்களோ அவர்கள் அங்கே, வந்தவர்கள் இங்கே.

லிமின் மகன் கெவினும் அங்கேதான் இருக்கிறான். இங்கேயே பிறந்தவன், அப்பாவின் பேச்சு அவனுக்கு வராது. அப்பாவின் பிறந்தநாளுக்கு வருவான், நல்ல மனிதன். கேக் வெட்டும்போது தன் கைபேசியை என்னிடம் தந்து படம் எடுக்கச் சொல்வான். ஐந்து வருடமாக எடுக்கிறேன். நன்றாக எடுப்பதாகச் சொல்வான்.

4

ஒரு நாள் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது தன் அப்பா இறந்ததைச் சொன்னார்.

இங்கே வந்த புதிதில் ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு வீட்டில் கூடுவார்களாம். அங்கே ஊரின் ராணுவச் சட்டத்தைப் பற்றி லிம் பேசியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவன் அதை ஊர் அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டான். அதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். ஊருக்குள் விடக்கூடாதவர்கள் பட்டியலில் லிமின் பெயர் ஏறியது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவில்லை. சில வருடத்தில் அப்பா இறந்த தந்தி வந்தது. தூதரகத்துக்குப் போய்க் கவுண்டரில் நின்றார். அந்தக் கூட்டத்துக்கு வேறு யார் யார் வந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால் போகலாம் என்றார்கள். எழுதவில்லை. மூன்று நாள் தினமும் போய் நின்றார். மூன்று நாளும் அதே பதில்.

அவர் ஊரில் சாவு அறிவிப்பை அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்களாம். பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாக வரும், வெளிநாட்டில் இருப்பவன் பெயருக்குப் பக்கத்தில் இன்ன நாட்டில் என்று போடுவார்கள். லிமின் பெயரை அதில் போடவில்லை. தம்பி பள்ளிக்கூட வாத்தியார், பயம். அரசாங்கம் அந்தப் பட்டியலை ரத்து செய்தபின் அவர் ஊருக்குப் போனபோது அம்மாவும் இல்லை. தம்பி அந்த அறிவிப்பை எடுத்துக் காட்டி அழுதாராம். அப்பாவுக்கு மூன்று ஆண்பிள்ளைகள், தாளில் இரண்டு.

ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தப் படத்தை எடுத்துக் காட்டி, நானும் போகவில்லை, என்னை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்றேன். வர முடியாதவனின் பெயரை அவர்கள் எடுத்தார்கள், வராதவளை எங்கள் ஆட்கள் சேர்த்தார்கள் என்று சொல்லிச் சிரிக்கவும் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "உன்னை எந்தக் கவுண்டரில் தடுத்தார்கள்?" என்று கேட்டார்.

நான் எந்தக் கவுண்டருக்கும் போகவே இல்லை. அப்பா இறந்த அன்று எங்கள் விசா வக்கீல் சொன்னது இதுதான்: சாவுக்கு அவசர அனுமதி உண்டு, குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள், தரலாம், தராமலும் போகலாம். திரும்பி வரும்போது கேள்வி கேட்கலாம். சாம் போய்க் கேட்டுப் பார் என்றார். அலுவலகம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். நான் மூன்று நாளும் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். போய், அனுமதி கிடைத்து, திரும்பும்போது வாசலிலேயே நிறுத்திவிட்டால் ஏழு வருடக் காத்திருப்பு போய்விடும் என்று பயந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். கொடுத்தால் போக வேண்டி வருமே.

இதை லிமிடம் சொன்னேன். சாமுக்குப் பிறகு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஊறவைத்திருந்த மறுகாலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துண்டில் வைத்தார். மிச்ச நகத்தை வெட்டு என்றார்.

5

என் மகள் ஷெரினுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். நான் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சோறு, போதும், அய்யோ, இந்த மூன்றையும் தமிழில் சொல்லிவிடுவாள். அப்பா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஒன்றும் நினைவில்லை.

இந்த வருடம் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பேட்டையில் வந்து குடியேறிய ஒருவரைக் கண்டு பேசி அவர் வரலாற்றை எழுத வேண்டும். நன்றாக இருப்பவற்றை நூலகத்தில் பலகையில் வைப்பார்கள். அவள் லிமைத் தேர்ந்தெடுத்தாள். நான்கு சனிக்கிழமை என்னோடு வந்து அவர் பேசியதைப் பதிவு செய்தாள். என்னிடம் பேசாத என் மகள் அவரிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்பதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அண்ணனின் படம் வந்த அன்று அவள் என் கைபேசியைப் பார்த்துவிட்டாள். தாத்தாவின் அடக்கத்துக்கு நீ போயிருந்தாயா என்று கேட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "உம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை வைத்து அவள் பலகையை முடித்துவிட்டாள். படத்தைப் பயன்படுத்த சம்மதம் என்று நூலகத்தின் தாளில் என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அண்ணனும் ஊரில் எல்லோருக்கும் அதைக் காட்டுகிறவர், அவருக்கும் ஆட்சேபம் இல்லை. எதற்கு என்று நான் சரியாகக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுவதில் எனக்கு இந்த நாட்டில் நல்ல பயிற்சி உண்டு.

6

சனிக்கிழமை மத்தியானம் லிமைச் சக்கர நாற்காலியில் வைத்து நூலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இஸ்திரி போட்ட சட்டை வேண்டும் என்று கேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஷெரின் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். எங்கள் சபைக்காரர்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள்.

இடதுபக்கம் லிமின் பழைய பாஸ்போர்ட் படம். பெரிய கண்ணாடி, ஒல்லிக் கழுத்து. வலதுபக்கம் எங்கள் பெட்டி, அப்பா, நான். நடுவில் ஷெரின் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இவருடைய தகப்பனை அடக்கம் செய்ய இவரைப் போகவிடவில்லை. ஒரு தலைமுறைக்குப் பிறகு என் அம்மாவுக்கு அந்த நிலை இல்லை. அவள் போனாள்.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லிம் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மனிதர் சும்மாவே மெதுவாகப் படிப்பவர். அன்றைக்கு முடிக்கவே மாட்டார் என்று தோன்றியது. இப்போது சொல்லிவிடுவார், சபைக்காரர்கள் முன்னால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

ஷெரின் குனிந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாள்.

"என் பாகம் சரி," என்றார்.

பிறகு தண்ணீர் வேண்டும் என்றார். ஷெரின் அவரையும் என்னையும் பார்த்தாள். அவள் அம்மாவைப் போல் மந்தம் இல்லை.

லிமை வீட்டில் விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. எந்தப் பாகம் சரியில்லை என்று கேட்டாள். சொன்னேன். இருபது நிமிடத் தூரத்தையும் சொன்னேன். யார் தடுத்தது என்று கேட்டாள். யாரும் தடுக்கவில்லை என்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, அதற்கு அடியில் என் பெயரைப் போட்டிருக்கிறேன் அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிப் போனாள்.

7

அன்றே அவள் அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "மாமா, ஒரிஜினல் போட்டோ வேணும்." அவள் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான தமிழ் அதுதான்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "இப்பம் அது எதுக்கு மக்கா? பழசு எங்கயோ கிடக்கட்டு. கண்டா உனக்கு வெசனம் வரும், அதாக்கும் நான் காட்டாத்தது."

அனுப்புங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தது.

என் இடம் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் சபைச் சுவர், அவ்வளவுதான் என்று. அந்த இடத்தில் வசந்தாக்கா நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. குனிந்து அப்பாவைப் பார்த்தபடி பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். ஸ்டுடியோக்காரர் அவளை அழித்துவிட்டு என்னை வைத்திருக்கிறார். விளிம்பைப் பிடித்த கையை அழித்தால் பெட்டி கெட்டுப்போகும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்.

பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கையை என் கை என்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கெவின் கைபேசியைத் தரும்போதெல்லாம் உள்ளுக்குள் எரிந்தவள் நான். ஒரு படத்துக்காவது நீங்களும் வந்து நில்லுங்கள் என்று சொல்ல மாட்டானா என்று ஐந்து வருடம் காத்திருந்தவள். வசந்தாக்காவைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள், நிறுத்திவிட்டு எடுத்திருக்கிறார்கள். கெவின் அந்த அளவுக்கு மோசம் இல்லை.

ஷெரின் பலகையை மாற்ற வேண்டும் என்றாள். என் பெயர் வராமல் மாற்றலாமே என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றாள். இப்போது அங்கே எழுதியிருப்பது: என் அம்மா போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. படத்தில் நிற்பவர் வசந்தா, என் தாத்தாவைப் பார்த்துக்கொண்டவர். அதைப் படித்துவிட்டு எங்கள் சபையில் இரண்டு பெண்கள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை.

லிம் மட்டும் முழுதாகக் கேட்டார். நான் படித்துக் காட்டினேன். இப்போது சரி என்றார்.

8

பலகையை மாற்றும் முன் இன்னொரு தாள் தேவைப்பட்டது. படத்தில் உள்ளவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும் என்றது நூலகம். ஆகவே வசந்தாக்காவை நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அண்ணனிடம் எண் வாங்கினேன். இங்கே சனிக்கிழமை சாயங்காலம், அங்கே ஞாயிறு விடிந்திருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அங்கே ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகள் கனடாவில்.

"லலிதாவா? சொகமா மக்கா? மோள் எப்பிடி உண்டு?" என்று கேட்டாள். அதே குரல்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம், ஸ்டுடியோ, கை, நூலகம். பின்னால் ஒரு வயதான குரல் தண்ணீர் கேட்டது. வாறேன் என்று அதற்குச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள்.

"அப்பம் அந்தப் படத்தில நான் உண்டா? உனக்க அண்ணன்தான் அண்ணைக்கு என்னக் கூப்பிட்டு நிறுத்தினாரு. பெறவு ஒருத்தரும் காட்டல்ல. நானும் கேக்கல்ல."

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

"அதுக்கென்ன மக்கா. பெத்த பிள்ளை நிக்காம இருந்தா அப்பாவுக்காக்கும் கொறச்சல்," என்றாள். உன் அப்பாவுக்கு என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு என்றாள்.

சம்மதம் தந்தாள். அந்த வீட்டுக் கனடாப் பிள்ளை வரும்போது தாளில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள். போனை வைக்கப் போகும்போது, தனக்கு அந்தப் படத்தில் ஒரு காப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அப்பாவோடு எடுத்த படம் அவளிடம் ஒன்றுகூட இல்லையாம். உடனே அனுப்புகிறேன் என்றேன்.

"எங்கில், நீயும் நானும் உள்ளதா ஒண்ணு அனுப்பு மக்கா," என்றாள். "நம்ம ரெண்டு பேரும் அப்பாக்குப் பக்கத்தில நிக்கது."

அப்படி ஒரு படம் இல்லை அக்கா என்றேன்.